டிராயருக்குள் வந்த மாலை

ஆயுத பூஜையன்று அச்சகத்தின் சர்வர் கம்ப்யூட்டருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். "கடையே என்னாலதான் ஓடுது," என்றது அது, டிராயரில் கிடந்த பேக்கப் டிஸ்க்கிடம். "நீ தினமும் சாயங்காலம் வந்து நான் சொல்றதை எழுதிக்கிட்டுப் போறவன்."

"நேத்தும் எழுதிக்கிட்டேன்," என்றது டிஸ்க்.

சர்வரை அணைக்க மறந்து கடையைப் பூட்டினார்கள். மாலை அதன் ஃபேனை அடைத்ததில், காலைக்குள் சர்வர் கருகிவிட்டது. முதலாளி கோமளவல்லி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

புதுச் சர்வர் வந்ததும் டிஸ்க்கைச் செருகினார்கள். கல்யாணப் பத்திரிகைகள், மெயில்கள், எல்லாம் அப்படியே வரிசையாக வந்து நின்றன. கோமளவல்லி கடை முழுவதற்கும் காபி சொன்னார்.

அடுத்த பூஜைக்கு மாலை டிராயருக்குள் வந்தது.

"அண்ணே, கடையே உங்களாலதான் ஓடுது," என்றது புதுச் சர்வர்.

"இல்லப்பா," என்றது டிஸ்க். "என்னையே காப்பி எடுத்த இன்னொரு டிஸ்க் முதலாளியம்மா வீட்டு பீரோவுல இருக்கு."