அஞ்சு ஆம்பியர்

“ஏ.சி.யை யார் போட்டது?” லமீஸ் கத்தினாள்.

“நான்தான். என் ஆபீஸ்ல எனக்கு வேர்க்கணுமா?” என்றார் வஜ்தி.

ஹைதம் வழக்கம்போலப் படியிறங்கிப் போய், விழுந்திருந்த பிரேக்கரைத் தூக்கிவிட்டு வந்தான். அந்த ஆபீசுக்கு ஜெனரேட்டர்காரன் தருவது ஐந்து ஆம்பியர்தான்; அதைத் தாண்டினால் பிரேக்கர் விழுந்துவிடும்.

விளக்கு வந்தது. காலையிலிருந்து லமீஸும் ஹைதமும் செய்த வேலை வரவில்லை.

ஆலிவ் எண்ணெய் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று காட்டும் பிளாக்செயின் செயலி அது. வெளியே விடுவதற்கு முன் சோதித்துப் பார்க்க, அவரவர் கணினிக்குள்ளேயே ஒரு குட்டி பிளாக்செயினை ஓடவிட்டு, பொய்க் கணக்குகளைத் திறந்து, பொய்க் காசை நிரப்ப வேண்டும். கணினி அணைந்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து.

இருவருமே தற்காலிகம். காலியாக இருப்பது ஒரே இடம். மதியம் கூராவிலிருந்து எண்ணெய் ஆலைக்காரர்கள் செயலியைப் பார்த்து வாங்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் யாருடையது நன்றாக ஓடுகிறதோ அவருக்கு அந்த இடம்.

எதிரெதிர் மேஜையில், ஒருவர் திரையை ஒருவர் பார்க்க முடியாமல், பேசாமல் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஹைதம் முதலில் முடித்தான். லமீஸ் முடிக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது.

“உஸ்தாஸ், ஏ.சி. மட்டும் வேண்டாம். இன்னொரு தடவை விழுந்தா என்னால முடியாது,” என்றாள் லமீஸ் முதலாளியிடம்.

“ஆகஸ்ட்டும்மா இது! வெந்துபோனவன் எப்படிக் கையெழுத்துப் போடுவான்?” வஜ்தி ரிமோட்டைத் தேடினார்.

ஹைதம் மேஜைக்கடியில் ஒருமுறை குனிந்துவிட்டு எழுந்தான்.

“காப்பி குடிச்சிட்டு வரேன்.”

“இப்பவா?” என்றாள் லமீஸ். “நான் தோக்கறதைப் பார்க்க மனசில்லையா, இல்ல ஜெயிக்கறதையா?”

“ரெண்டும் இல்ல. தூக்கம் வருது.”

ஏ.சி. ‘பீப்’ என்றது. லமீஸ் விளக்கை அண்ணாந்து பார்த்தாள். அது ஒருமுறை நடுங்கி, நிலைத்தது. பிரேக்கர் விழவில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

எண்ணெய்ப் பீப்பாய் ஒவ்வொன்றும் அவள் திரையில் கை மாறி மாறிப் போய்ச் சேர்ந்தது. ஆலைக்காரர்கள் தலையாட்டினார்கள்.

“அடுத்து ஹைதம்!”

வாயைத் துடைத்துக்கொண்டே வந்தான். அவன் திரை கறுப்பாக இருந்தது.

“என்னடா இது?”

“ஓடல, உஸ்தாஸ்.”

“காலையிலேர்ந்து என்ன கிழிச்ச?”

“காப்பி குடிச்சேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். லமீஸும்.

“நாளைக்கும் அதையே குடி, உன் வீட்ல,” என்றார் வஜ்தி.

ஹைதம் பையை மாட்டிக்கொண்டான். வாசலில் திரும்பி, “மப்ரூக், லமீஸ்,” என்று வாழ்த்தினான். கிண்டலா என்று அவளுக்குப் புரியவில்லை.

ஆலைக்காரர்களும் போனார்கள்.

“அப்படி என்னதான் பண்ணி வச்சிருந்தான்? போட்டுப் பாரும்மா.”

லமீஸ் மேஜைக்கடியில் குனிந்து ஹைதமின் கணினிப் பொத்தானை அழுத்தினாள்.

டக்.

ஏ.சி. நின்றது. விளக்கு போனது. எதிர் மேஜையில் அவளுடைய திரையும் அணைந்தது.

“சே! யாராவது போய்த் தூக்கிவிடுங்கப்பா!”

லமீஸின் விரல் பொத்தானிலேயே இருந்தது.

“மூணும் சேர்ந்து தாங்காது, உஸ்தாஸ்,” என்றாள் மெதுவாக. “அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.”

பிறகு படிகளில் ஓடினாள். பிரேக்கரைத் தாண்டி, தெருவுக்கு.