கொழும்புக்குப் பதினான்கு உடுப்பு

“நாலு உடுப்பு எப்படி மேடம் பத்தும்? கொழும்புல வேர்த்துக் கொட்டும். காலையில ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு, படுக்க ஒண்ணுன்னு மாத்தியே ஆகணும்.”

கட்டில்மேல் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தபடி வினோதா சொன்னாள். கந்தப்பளைக்கு மேலே உள்ள தோட்டத்தில், மேனேஜர் பங்களாவில் அவள் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

“நாளைக்கு வெள்ளி. சனிக்கிழமை சாயந்தரம் திரும்பிடலாம்னு பார்க்கிறேன். அதுக்கு நாலு போதும்,” என்றாள் மேனேஜரின் மனைவி தனுஜா.

“வெள்ளவத்தை ப்ளாட்ட செவ்வாய்க்கிழமை வரைக்கும் எடுத்திருக்கிறதா தொரை சொன்னாங்களே?”

“எடுத்தா இருந்துதான் ஆகணுமா?”

வினோதா காய்ந்த துணிகளை எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு சமையலறைக்குப் போனாள். மழை நாட்களில் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான் துணி காயும். சமையல்காரர் கந்தப்பன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன புள்ள, அலுமாரியையே கொழும்புக்கு ஏத்தப் போறியா?”

“மெதுவாப் பேசுங்கண்ணே. போன ஏப்ரல்ல என்ன நடந்துச்சு? அஞ்சு நாளுன்னு போனவங்க, மாத்த உடுப்பு இல்லன்னு ரெண்டாம் நாளே வந்து நின்னாங்க. ஒரு தடவ போட்டதத் தொவைக்காம தொட மாட்டாங்க. பதினாலு உடுப்பு வச்சிட்டேன்னா செவ்வாய்க்கிழமை வரைக்கும் கவலையில்ல.”

ஞாயிற்றுக்கிழமை வினோதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை சுதாகரனுக்கு ஹட்டனில் ஒரு பேக்கரியில் வேலை. ஏற்கெனவே இரண்டு தடவை நாள் குறித்தும், பங்களாவில் லீவு கிடைக்காமல் தள்ளிப்போனது. இதுவும் தள்ளினால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். வினோதாவுக்கு முப்பது நடக்கிறது.

“பொண்ணு பார்க்க வர்றாங்கன்னு வாயத் தொறந்து லீவு கேட்டா என்னவாம்?”

“கேட்டா, இவ கல்யாணம் கட்டிப் போயிடுவான்னு நாளைக்கே வேற ஆளத் தேடுவாங்க. அப்புறம் சரிவரலன்னா வேலையும் போகும், மாப்பிள்ளையும் போவாரு. அதனாலதான் ரெண்டு தடவையும் வீட்டுல வேலைன்னு மட்டும் சொன்னேன். இந்தத் தடவ கேக்கவே இல்ல. அவங்க போகட்டும். நீங்க பங்களாவப் பார்த்துக்கங்க. நான் காலையில போய் முகத்தக் காட்டிட்டு மத்தியானமே ஓடி வந்துடுறேன்.”

“அது சரி, கொழும்பு வெயிலப் பத்தி மேடத்துக்கிட்ட அளந்து அளந்து பேசுறது இங்க வரைக்கும் கேட்டுச்சே, அந்த ஊர என்னைக்காவது பார்த்திருக்கியா?”

“நாவலப்பிட்டியத் தாண்டினதில்ல. டிவியில தெனமும் வானிலை சொல்றாங்கல்ல, அது பத்தாதா?”

கந்தப்பன் வெங்காயக் கண்ணீரும் சிரிப்புமாகத் தலையை ஆட்டினார்.

அவள் இரு கை நிறைய உடுப்புகளோடு அறைக்குத் திரும்பினாள். பருத்திச் சுடிதார் நான்கு. நீளக் கை சட்டை மூன்று. சேலை இரண்டு. கடைசியில் ஒரு ஸ்வெட்டர்.

“கொழும்புக்கு யாராவது ஸ்வெட்டர் கொண்டு போவாங்களா?”

“சினிமா ஹால்ல ஏசி போட்டிருப்பாங்க மேடம். நம்ம கந்தப்பளைக் குளிரே தோத்துடும்.”

“சேலை எதுக்கு?”

“பம்பலப்பிட்டி கோயிலுக்குப் போவீங்கல்ல?”

“அதுக்கு ரெண்டா?”

“ஒண்ணு மழையில நனைஞ்சிட்டா? கொழும்பு மழைய நம்ப முடியாது. நம்ம ஊரு மழைன்னா சொல்லிட்டு வரும்.”

“நம்ம ஊரு மழை எங்க போச்சு, சொல்லிட்டு வர்றதுக்கு?”

இருவரும் சிரித்தார்கள். தனுஜா அவளைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள்.

வினோதா மறுபடியும் எண்ணினாள். பதினான்கு. கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதோ என்று ஸ்வெட்டரை வெளியே எடுத்தாள். பெட்டியைப் பார்த்தாள். மறுபடி உள்ளே வைத்தாள். மூடி மூடவில்லை, முழங்காலை ஊன்றி அழுத்தித்தான் ஜிப்பை இழுக்க வேண்டியிருந்தது.

வராந்தாவில் தனுஜா ஒரு அழைப்பை முடித்து இன்னொன்று பேசுவது கேட்டது. திரும்பி வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது.

“நீ ஜெயிச்சிட்ட. செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருந்துட்டே வரலாம்னு அவர்கிட்ட சொல்லிட்டேன்.”

“நல்லதுங்க மேடம்.” வினோதா பெட்டியைக் கட்டிலிலிருந்து இறக்கி வைத்தாள்.

“உண்மையச் சொல்லட்டா? நீ ரெண்டு தடவ லீவு கேட்டும் நான் குடுக்கல. அது மனச உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் சனிக்கிழமையே திரும்பி, ஞாயித்துக்கிழமை முழுக்க உன்ன வீட்டுக்கு அனுப்பலாம்னு நாலு உடுப்போட நிறுத்தினேன். நீ ஒவ்வொண்ணா எடுத்து வைக்கிறதப் பார்த்த பெறகுதானே தெரியுது, உனக்குக் கொழும்பு பார்க்க எவ்வளவு ஆசைன்னு!”

“மேடம்…”

“ஒண்ணும் பேசாத, நீயும் எங்களோட வர்ற. உங்க அம்மாவுக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை யாரோ வர்றதா இருந்தாங்களாமே, அவங்கள வர வேணாம்னு இப்பவே சொல்லிடுறேன்னாங்க.”