அக்கரையோடு உறவு

தடாலென்று நாற்காலி கவிழ்ந்தது. கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் பரஞ்சோதி எழுந்த வேகம் அப்படி. கருத்துக் கணிப்புக்கு வந்த மதியழகன் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினான். கேள்வி ஒன்றுதான்: முப்பது வருடமாகத் தூதரகம் பூட்டிக் கிடக்கும் அக்கரைக் கம்யூனிஸ்ட் நாட்டோடு மறுபடி உறவு வேண்டுமா, வேண்டாமா?

"சாமி இல்லைங்கிறவனோட என்னய்யா உறவு? அடுத்தவன் சொத்தைப் பிடுங்கித் தின்கிற கூட்டம். வேண்டாம்னு போடு. அழுத்திப் போடு."

அந்தத் தெருவில் பதினோரு வீட்டிலும் இதே பாட்டுத்தான். அக்கரையைப் பற்றி ஒரு வரி படித்தவர் கிடையாது. ஆத்திரம் மட்டும் குடம் குடமாக வழிந்தது. மதியழகன் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கட்டத்தில் குறித்தான்.

உள்ளேயிருந்து பரஞ்சோதியின் மனைவி தெய்வானை வந்தாள்.

"எனக்கு வேணும்னு போடுங்க தம்பி. வேலைக்குப் போன எங்கண்ணன் அங்கேயே மாட்டிக்கிட்டான். சாகறதுக்குள்ள ஒருதரம் அவன் முகத்தைப் பார்க்கணும்."

"ஆளுக்கொரு தாள் உண்டும்மா" என்று அவன் புதுத் தாளை உருவினான். பரஞ்சோதி அதைத் தட்டிவிட்டார். தெய்வானை குனிந்து எடுத்து, தூசி தட்டி, அவனிடமே நீட்டினாள்.

பரஞ்சோதி அவளைக் கதவுக்குப் பின்னால் இழுத்துப் போனார். இத்தனை நேரம் தெருவுக்கே கேட்ட குரல் இப்போது கெஞ்சியது.

"உங்கண்ணன் வந்தா முதல்ல இந்த வீட்டைத்தான் கேப்பான். நாம எங்கடி போறது?"