தொண்ணூற்று நாலாயிரம்

மீட்டரில் இருபத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் என்றிருந்தது. பச்சைப் பொய்.

“லேடி ஓட்டின வண்டி சார். பக்கத்துக் கடைக்குப் போயிட்டு வந்ததோட சரி,” என்றார் பழைய பைக் வியாபாரி, என் கணவரிடம்.

வண்டி வாங்க வந்தது நான். கேள்வி கேட்டது நான். பதில் மட்டும் சாருக்குப் போய்க்கொண்டிருந்தது.

சாரோ கடைக்குள் நுழைந்ததிலிருந்து கைபேசியில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். இந்தக் காலை வைத்துக்கொண்டு உனக்கு எதற்கு வண்டி, அதுவும் இந்தப் பழசு, என்று வழியெல்லாம் நச்சரித்தவர்தான்.

என் இடது கால் கொஞ்சம் இழுக்கும். இழுத்துக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

டேங்க் புதுப் பெயின்ட்டில் மினுக்கியது. ஆனால் கியர் மிதிக்கிற இடத்து ரப்பர் வழுக்கையாகிவிட்டிருந்தது. சீட்டுக்குப் பின்னால், கேரியர் கழற்றிய துளைகளின் மேல் கறுப்பு டேப்.

கடைக்குப் போய்வந்த வண்டியாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது தொண்ணூத்தி நாலாயிரம் ஓடின வண்டி. மீட்டர்ல அதை வெச்சுக் குடுங்க, எடுத்துக்கறேன்.”

வியாபாரி அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். மீட்டரைக் குறைக்கச் சொல்கிறவர்களோடுதான் அவர் காலம் தள்ளியிருக்கிறார். கூட்டச் சொல்லி ஒருத்தி வந்து நிற்பாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

சத்தியம் செய்தார். பெற்ற பிள்ளைகளை இழுத்தார், பெற்ற தாயை இழுத்தார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று எகிறினார்.

மாற்றினால் வாங்குகிறேன், இல்லையென்றால் நீங்களே கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டு, அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வண்டியை விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போவதாக இல்லை.

பைத்தியத்தோடு எதற்கு மல்லுக்கட்டுவது என்று நினைத்தாரோ என்னவோ, திருப்புளியை எடுத்தார். பழகிய கை. மீட்டரைக் கழற்றித் திறந்து, எண் சக்கரங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார்.

தொண்ணூற்று மூன்றில் நிறுத்தப் பார்த்தார். விடவில்லை. ஆயிரம் கிலோமீட்டர் என்றால் சும்மாவா? ஒரு முழு மழை மாதம் அது.

மீட்டரை மாட்டி முடித்ததும் சாவியை எடுத்து, பழக்கதோஷத்தில் மறுபடியும் என் கணவரிடமே நீட்டினார்.

“ஒரு சாவிதான் சார் இருக்கு. இன்னொண்ணு தொலைஞ்சு போச்சாம்.”

கணவர் கை நீட்டவில்லை.

நான் கைப்பையின் உள்ஜிப்பைத் திறந்து, அந்த இன்னொன்றை எடுத்தேன். பூட்டில் செருகித் திருப்பினேன். பச்சை விளக்கு எரிந்தது. வியாபாரி என்னைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தார்.

வண்டி என் கணவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் பின்னால் ரத்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கிப் பரிசோதனைக் கூடத்துக்கு ஓடிய அத்தனை கிலோமீட்டரும் என்னுடையது. காலில் மாவுக்கட்டோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இனி இவளுக்கு எதற்கு என்று அவர் யாரோ ஒரு தரகரிடம் இதைத் தள்ளிவிட்டிருந்தார்.

சாவி ஒன்று குறைந்ததை அன்றைக்கு அவர் கவனிக்கவில்லை.

ஒரே உதையில் கிளம்பியது. இடது காலால் கியரை மிதித்தேன். சுருக்கென்று தொடைவரை ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“பின்னாடி ஏறுங்க,” என்றேன்.