தட்டில் பூத்தது

"நல்லாப் பாரு. உன் மக தினம் இதைத்தான் மூச்சா இழுக்கிறா."

டாக்டரம்மா அந்தச் சின்னக் கண்ணாடித் தட்டை மேஜை மேல் தள்ளினார். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு வைத்திருந்த வாளியை எடுக்க வந்தவள், வாளியும் கையுமாக நின்றாள். அந்த ஆஸ்பத்திரியைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. வீட்டுக் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க, வீட்டில் திறந்து வைக்கச் சொல்லிப் போன வாரம் அவளிடம் கொடுத்தபோது தட்டில் இருந்தது வெறும் கூழ். இப்போது ஊசிப்போன சோற்றில் பூத்த மாதிரி, கறுப்பும் பச்சையுமாய்ப் பூசணம் அப்பிக் கிடந்தது.

"சொன்ன மாதிரி ஒரு மணி நேரம் திறந்து வெச்சியா?"

"வெச்சேம்மா. கடிகாரம் பாத்துத்தான் மூடினேன்."

ஏழு வயது மகள் நோயாளிக் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் விசில். "எனக்குள்ள ஒரு பூனை கத்துதும்மா" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பெற்றவளுக்குச் சிரிப்பு வராது.

"எப்ப ரொம்ப இழுக்குது?"

"காலையில மான்குட்டி மாதிரி பள்ளிக்கூடம் போறாம்மா. சாயங்காலம் என்கூட வீட்டுக்கு வர்றப்பதான் வாங்குது."

"பாத்தியா? வீடுதான். சுவர் இன்னும் ஓதம் அடிக்குதா?"

"அதெல்லாம் அவரு சுரண்டிச் சுண்ணாம்பு அடிச்சாச்சு. விறகடுப்பைத் தூக்கி வெளியில வெச்சாச்சு. மனுஷன் நாளெல்லாம் சிமென்ட் மூட்டை தூக்குறாரு, ஆனா குழாயடியில குளிச்சுத் துணி மாத்தாம வாசப்படி மிதிக்கிறதில்லை. ஒருநாள் மறந்து வந்துட்டாருன்னு இவ விளக்குமாத்தைத் தூக்கிட்டா."

"அப்பா பேய் மாதிரி வெள்ளையா வந்தாரு டாக்டர்" என்றாள் மகள்.

டாக்டரம்மா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெந்நீர் இரண்டு மடக்குக் குடித்த பிறகுதான் அடங்கியது.

"எனக்கே ரெண்டு மாசமா தொண்டை சரியில்லை. நாள் பூரா இருமுற பிள்ளைங்க நடுவுல உக்காந்தா வேற என்ன வரும்?" என்றவர் பேனாவைத் திறந்தார். "இவ்வளவு செஞ்சும் இத்தனை பூசணம்னா அந்த இடமே இவளுக்கு ஆகாது. முன்னாடியே சொன்னேன்ல? மலைப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் இருக்கு. எழுதித் தரேன். ரெண்டு வருஷம் அங்க இருக்கட்டும். லீவுக்கு லீவு போய்ப் பாத்துக்க."

ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. "நான் போகமாட்டேன்."

"அழக்கூடாது. மூச்சு வாங்கும்."

பேனா காகிதத்தில் ஓடியது. பெற்றவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பிள்ளை போகும். வேலை போனால் வேறு எங்காவது ஒரு வாளி கிடைக்காமலா போகும்?

"எழுதாதீங்கம்மா. அந்தத் தட்டு எங்க வீட்டுப் பக்கமே போகலை."

பேனா நின்றது. "என்ன உளர்ற?"

"தட்டு மோசமா வந்தா பிள்ளையை வெளியூர் அனுப்பணும்னு சொன்னீங்களே. பெத்த வயிறு கேக்கலை. எனக்குத் தெரிஞ்சதுலயே சுத்தமான இடமா, தினம் ரெண்டு தடவை நானே மருந்து போட்டுத் துடைக்கிற இடமாப் பாத்துத் திறந்து வெச்சேன். தப்புதான்."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. பதறிப்போய் எழுந்துவிட்டார்.

"அது எந்த இடம்னு முதல்ல சொல்லு. அங்க பிள்ளைங்க யாராவது இருந்தா உடனே வெளியேத்தணும்!"

கதவுக்கு வெளியே வரிசையில் பதினோரு பிள்ளைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். அவள் குனிந்து, வாளியைப் பழையபடி ஏசிக்கு அடியில் வைத்தாள். சொட்டென்று ஒரு துளி விழுந்தது.

"இதோ, இந்த மேஜைதாம்மா. மத்தியானம் நீங்க வீட்டுக்குக் கிளம்பினதும், பள்ளிக்கூடம் விட்டு வந்து தினம் இவ ஏசியைப் போட்டுக்கிட்டுத் தூங்குற இதே ரூம்."