சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

சாமிதுரையின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டினார் ஹபீப் முகம்மது. நெற்றியில் ஒற்றை ரூபாய் நாணயத்தை ஒட்டினாள் அம்சம். புருஷன் மூக்கில் பஞ்சு வைக்க மட்டும் அவளுக்கு மனம் வரவில்லை.

"மொதல்ல புள்ளைக்குச் சொல்லுங்கண்ணே. தெருவுக்கு அப்பறம் சொல்லிக்கலாம்" என்றாள்.

ஹபீப் திருவிடைமருதூரில் டிக்கெட் போடும் கடை வைத்திருப்பவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வளவனை சிங்கப்பூருக்கு ஏற்றி அனுப்பியதும் அவர்தான். போனவன் போனவன்தான். பொங்கலுக்குக் கூப்பிட்டால் லீவு இல்லை, வீடியோவில் முகம் காட்டச் சொன்னால் கேமரா ரிப்பேர், ஏன்டா என்றால் ரொம்பத் தூரம்ப்பா. ஒருதரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று சாமிதுரை புலம்பாத நாள் கிடையாது.

ஹபீப் போன் போட்டார். "வளவா, அப்பா நம்மள விட்டுட்டுப் போயிட்டாருப்பா."

"மாமா, எடுத்துடாதீங்க மாமா. நான் வர்றேன்." அழுகையோடு லைன் துண்டானது. கூடத்துக் கடிகாரத்தில் மணி பத்து.

"எப்ப வந்து சேருவான்ணே?" என்றாள் அம்சம்.

"ஃப்ளைட்டுல திருச்சிக்கு நாலு மணி நேரம். அதுக்கு முன்னாடியே போயி ஏர்போர்ட்டுல உக்காரணும். எறங்குனா தஞ்சாவூரு, கும்மோணம் தாண்டி கார்ல வரணும். டிக்கெட் கெடச்சாலே ராத்திரி ஆயிடும்."

"அதுவரைக்கும் இவரு தாங்குவாரா?"

"வேணும்னா ஐஸ் பெட்டி சொல்லவா?"

"வேணாம்ணே. அவருக்குக் குளிரு ஒத்துக்காது."

கட்டினவளே சொன்ன பிறகு நமக்கென்ன என்று ஹபீப் சும்மா இருந்துவிட்டார். நேரம் போகாமல் செல்போனில் சிங்கப்பூர் விமானங்களைத் தேடிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டரை மணிக்கு வாசலில் ஒரு டூவீலர் சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஸ்டாண்டு போடக்கூட நிற்காமல் ஒருவன் உள்ளே ஓடிவந்தான். மடித்துக் கட்டிய லுங்கி, ஒரு காலில் மட்டும் செருப்பு, தலையெல்லாம் தேங்காய் நார். பனியன் முதுகில் ஏதோ ஒரு பேராவூரணி தேங்காய் மண்டியின் பெயர் அச்சடித்திருந்தது.

வளவன்தான். மகனைப் பார்த்த பிறகுதான் அம்சத்துக்கு அழுகையே வந்தது.

அவன் யாரையும் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சில் விழுந்தான்.

"ஒரே ஒரு தடவ கண்ணத் தொறந்து பாருங்கப்பா. அங்க வேல போயித் திரும்பி வந்தும், உங்க மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டுக்கிட்டுக் கெடந்துட்டேன்ப்பா. இனிமே உங்கள விட்டுட்டு எங்கயும் போவ மாட்டேன்."

நெற்றியிலிருந்த நாணயம் உருண்டு கட்டிலுக்கு அடியில் ஓடியது. மகனின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சாமிதுரை கண்ணைத் திறந்தார்.

"ஏன்டா, சிங்கப்பூரு இவ்ளோ கிட்டத்துலயா இருக்கு?"