சுந்தரவல்லி பெயரில் ஒரு கணக்கு

தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் இருந்த சந்திரமௌலி அந்தப் பாஸ்புக்கை இரண்டு விரலால் பிரித்தார். பதினெட்டு வருஷமாக யாரும் தொடாத கணக்கு. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

முதல் பக்கத்தில் பெயர் தெளிவாக இருந்தது. வெ. சுந்தரவல்லி, மைனர்.

வல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பெயரில் இப்படியொரு பணம் இருப்பது மூன்று நாளைக்கு முன்பு வரை அவளுக்குத் தெரியாது. பெட்டியைக் குடைந்தபோது, போன வருஷம் இறந்துபோன அப்பாவின் வேட்டி மடிப்புக்குள் இருந்து இந்தப் புத்தகம் விழுந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் நூற்றைம்பது ரூபாய் கட்டினால் ஆசிரியப் பயிற்சியில் அவளுக்கு இடம் உண்டு. கட்டாவிட்டால் ஆவணியில் தாய்மாமன் கணேசமூர்த்திக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். மாமாவுக்கு நாற்பது வயது. முதல் சம்சாரம் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று ஊரில் சொல்கிறார்கள். தவறி என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறார்கள்.

அப்படியிருந்தும், பணத்தை எடுக்கலாம் என்றபோது அம்மா புஷ்பம் பேயறைந்தவள் மாதிரி நின்றாள். இரண்டு நாள் பேச்சே இல்லை.

வல்லிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ரங்கநாதன் தெரு ஜவுளிக்கடையில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்ற காலோடு துணி கிழித்துக் கொடுத்து, அப்பா மாசம் நாலு ரூபாய் போட்டிருக்கிறார். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மாவின் தோடு போயிற்று, தையல் மிஷின் போயிற்று, இந்தப் புத்தகம் மட்டும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. மகள் பெயரில் உள்ள காசை மகளிடமே ஒளிக்கிறவள் என்ன தாய்?

இன்று காலையில் என்ன நினைத்தாளோ, அம்மாவே செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சந்திரமௌலி ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். போட்ட பணம் நூற்றெட்டு ரூபாய். கேட்பாரில்லாமல் கிடந்தும் வட்டி குட்டி போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நூற்று எண்பத்திரண்டு ரூபாய் சொச்சம்.

வல்லிக்கு மூச்சு வந்தது. பீஸ் கட்டியது போக, ஒரு மெல்லிய வாயில் துணிப் புடவையும் எடுக்கலாம்.

"பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சுடுத்தா? பொறந்த தேதியைச் சொல்லுங்கோ, பேரேட்டோட சரிபாக்கணும்" என்றார் அவர்.

வல்லிக்குப் பதினெட்டு முடிய இன்னும் எட்டு மாதம் பாக்கி.

அம்மா யோசிக்கவேயில்லை. "அம்பத்து மூணு, மே மாசம் பதினொண்ணு. திங்கக்கெழமை."

வல்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏறக்குறைய மூன்று வயதை ஒரே மூச்சில் கூட்டிவிட்டாளே! கிழமை வேறு. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள். அம்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. இரண்டு நாள் கோபம் அந்த நிமிஷமே போய்விட்டது.

சந்திரமௌலி உள்ளே போய்ப் பழைய பேரேட்டைத் தூக்கி வந்தார். தூசியைத் தட்டிப் பக்கத்தைப் புரட்டினார். ஒரு வரியில் விரலை ஓட்டிப் பார்த்து, தேதி சரியாக இருக்கிறது என்றார்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அப்பா எழுதிக் கொடுத்த தேதி. அப்போது வல்லி பிறக்கவேயில்லை.

அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பேரேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஊர்ப்பக்கத்தில் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரை வைப்பார்கள். அந்தக் குழந்தை தங்காமல் போய்விட்டால், அடுத்துப் பிறக்கிறவளுக்கும் அதே பெயர்தான். போனவளே திரும்பி வந்துவிட்டாளாம். திரும்பி வந்தவளுக்காக யாராவது அழுவார்களா? அதனால் போனவளைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அத்தை வீட்டில் இப்படி நடந்தது வல்லிக்குத் தெரியும். தன் வீட்டிலும் நடந்திருக்கும் என்று அவள் நினைத்ததில்லை.

தோடு போனபோதும் இந்தப் புத்தகம் ஏன் வெளியே வரவில்லை என்று இப்போது புரிந்தது. இந்தக் கணக்கை முடிக்க, அந்தப் பிள்ளை செத்துவிட்டது என்று அம்மா எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

வல்லி கையெழுத்துப் போட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. மாமா ஊரில் முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

பணத்தைக் கொடுத்துவிட்டு, சந்திரமௌலி பாஸ்புக்கின் மேல் ஸ்டாம்பைக் குத்தினார். கணக்கு முடிந்தது. புத்தகத்தைத் தன் பக்கத்துத் தட்டில் போட்டார்.

அம்மா நகரவில்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் கம்பிக்குள் கையை நீட்டினாள்.

"அந்தப் புஸ்தகத்த மட்டும் குடுத்துருங்கய்யா. அவ பேரு எழுதுன காயிதம் வேற ஒண்ணும் எங்கிட்ட இல்ல."

முடிந்த கணக்கின் புத்தகத்தை வெளியே கொடுக்கிற வழக்கம் கிடையாது. சந்திரமௌலி கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, வல்லியையும் அவளுடைய அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பேருக்குச் சொந்தக்காரிதான் பக்கத்துலயே நிக்கறாளேம்மா" என்று சொல்லிவிட்டு, புத்தகத்தைத் தட்டிலேயே விட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.